வீடு திரும்பும் புறாவும் மூளையின் வரைபடமும்

மேய்ச்சல் முடிந்து மாலையில் தொழுவத்திற்குத் திரும்பும் எருமைக்கு வழி சொல்வார் எவருமில்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சரக்கு லாரிகள் ஓயாது ஓடும் இந்நாளிலும், படப்பையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இக்காட்சியைக் காணலாம். ‘பழக்கம்’ என ஒரு சொல்லில் அதை முடித்துவிடுகிறோம். விலங்கியல் பயில்வோர் அவ்வாறு விட்டுவிடலாகாது. வழி பற்றிய நினைவு மூளையின் எப்பகுதியில் தங்குகிறது?

விடை காணப் புறா நல்ல துணை. சென்னையில் பந்தயப் புறா வளர்ப்போர் பலர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் திறந்துவிட்டாலும் அவை தம் கூண்டிற்கே வந்து சேர்கின்றன. ஒடிசா காவல்துறை இத்திறனை அரசுப் பணிக்கே பயன்படுத்தியது. 1946-இல், இராணுவம் அளித்த 200 புறாக்களுடன் அங்கே புறா அஞ்சல் தொடங்கிற்று. 1948-இல் பிரதமர் நேரு சம்பல்பூரிலிருந்து கட்டாக்கிற்கு அனுப்பிய செய்தி புறா வழியே சென்றது. 1999-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் தொலைபேசிகள் செயலற்றபோதும் புறாக்கள் கைகொடுத்தன.

வீடு திரும்புதலில் இரு வேலைகள் உள்ளன. வீடு இருக்கும் திசையை அறிதல் ஒன்று. அருகில் வந்தபின் வீட்டை இனங்காணுதல் மற்றொன்று. பிங்மன் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 1984-இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினர். ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதி நீக்கப்பட்ட புறாக்களைத் தொலைவில் விட்டபோது அவை வீட்டுத் திசையை நோக்கியே பறந்தன. ஆனால் கூட்டை இனங்கண்டு வந்து சேர இயலவில்லை! (மனித மூளையில் இப்பகுதி கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் வந்தது இப்பெயர்.)

எலியிலும் இதே கதைதான். மாரிஸ் என்பார் பால் கலந்து கலங்கலாக்கிய நீர்த்தொட்டியில் ஒரு மேடையை மறைத்து வைத்து எலிகளை நீந்தவிட்டார். நல்ல எலி சில நாளில் இடத்தைக் கற்றுக்கொண்டது. ஹிப்போகாம்பஸ் சிதைந்த எலியோ நெடுநேரம் தேடி அலைந்தது; மேடை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் நேரே சென்றது.

லண்டனில் ஓ'கீஃப் 1971-இல் கண்டது இன்னும் வியப்பானது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நரம்புச் செல்கள் ஹிப்போகாம்பஸில் உள்ளன. அண்டையிலுள்ள என்டோரைனல் புறணியில், நார்வேயின் மோசர் தம்பதியர் 2005-இல் வேறுவகைச் செல்களை அறிவித்தனர். அத்தகைய ஒரு செல் துடிக்கும் இடங்களையெல்லாம் தரையில் குறித்தால், நம் இல்லங்களில் இடும் இடைப்புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் போலவே அமைகின்றன. நேர்ப்புள்ளி அன்று என்பதைக் கவனிக்க. மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சீனிவாச சக்கரவர்த்தியின் குழு இச்செல்களைக் கணினி மாதிரிகளாக அமைத்து ஆராய்ந்துள்ளது.

இனி, ‘பழக்கம்’ என்ற சொல்லுக்கு வருவோம். அதற்கும் மூளையில் தனியிடம் உண்டு. தொடக்கத்தில் இடத்தை நினைவில் வைத்து ஓடும் எலி, நாள் பல சென்றபின் ‘இந்தப் பக்கம் திரும்பு’ என்னும் வழக்கத்தால் ஓடுகிறது. இதனைச் செலுத்துவது காடேட் உட்கரு. அதனை மருந்தால் மரக்கச் செய்தபோது, எலி மீண்டும் இடத்தை நாடி ஓடியதாக 1996-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பழைய வரைபடம் அழியவில்லை. மேலே பழக்கம் படிந்திருந்தது, அவ்வளவே. நம் எருமை இவ்விரண்டில் எதைக் கொண்டு நடக்கிறது என்பதை, வழக்கமான தடத்தை ஒருநாள் மறித்துப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்.

இந்த அறிவு மருத்துவத்திற்கும் வேண்டப்படுவது. அல்சைமர் நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளுள் என்டோரைனல் புறணியும் ஒன்று. ஆகவேதான் வழி தவறுதல் தொடக்கக் குறிகளுள் ஒன்றாகிறது. ஒரகடம் பக்கம் புதுச் சாலைகளும் தொழிற்சாலைகளும் எழுந்தபின், பழைய ஏரிக்கரையையும் பனைமரத்தையும் அடையாளமாகக் கொண்ட முதியவர் அங்கே திகைத்தால் அது நோயன்று. அவர் மனத்திலுள்ள வரைபடத்தில் அச்சாலைகள் இன்னும் ஏறவில்லை. நாற்பது ஆண்டு குடியிருந்த தெருவிலேயே அவர் வீடு தெரியாமல் நின்றால், ‘வயதாகிவிட்டது’ என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.