அலங்கார மீனை உயிருடன் அனுப்பும் செலவு

நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் பலர் வீட்டு வளவில் இரண்டொரு சீமெந்துத் தொட்டிகளைக் கட்டி அலங்கார மீன் வளர்க்க விரும்புகின்றனர். விருப்பம் நல்லதே. வற்றாத கிணறும் நிழலுள்ள வளவும் உடையவருக்கு இஃது ஏற்ற பக்கத்தொழிலாகும். இலங்கையிலிருந்து உயிருள்ள அலங்கார மீன்கள் ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் நெடுங்காலமாக விமானத்தில் ஏற்றுமதியாகி வருகின்றன. அவற்றுள் கப்பி மீனுக்குச் சிறப்பான இடமுண்டு. ஆயினும், மீனை வளர்க்க எவ்வளவு செலவாகும் என்று எல்லோரும் விசாரிக்கின்றனர்; வளர்த்த மீனை உயிருடன் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று சிலரே விசாரிக்கின்றனர். இத்தொழிலில் இலாபத்தையும் நட்டத்தையும் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்த இரண்டாவது செலவேயாகும். ஆதலால் தொட்டிக்கு அத்திவாரம் வெட்டுமுன் இக்கணக்கை நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

விமானத்தில் செல்வது நீரே

நெல் மூடையை ஏற்றினால் கூலி நெல்லுக்கு. கத்தரிக்காயை ஏற்றினால் கூலி கத்தரிக்காய்க்கு. மீனைப் பொறுத்தவரை அப்படியன்று. கப்பி மீன் ஒன்றின் நிறை ஒரு கிராமிலும் குறைவு. அது உயிர்வாழ உடன் செல்லும் நீரோ லீற்றருக்கு ஒரு கிலோகிராம். எனவே விமானக் கூலியில் மிகப் பெரும் பங்கு வெறும் நீரைச் சுமப்பதற்கே கொடுக்கப்படுகின்றது.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இம்மீன்களைத் தகரக் கலங்களில் நிறைய நீருடன் கப்பலேற்றி அனுப்பினர். பொலித்தீன் பையும் அழுத்திய ஒட்சிசனும் வந்த பின்னரே இவ்வணிகம் பெருகியது. இன்று பையில் கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை நீரும், மிகுதி இடத்தில் ஒட்சிசனும் நிரப்பி, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் அடுக்கி, அதனை மட்டைப் பெட்டியினுள் வைத்து அனுப்புகின்றனர்.

விமானக் கூலி அறவிடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பெட்டியின் உண்மை நிறை ஒன்று. அது பிடிக்கும் இடத்துக்கான நிறை மற்றொன்று. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சதமமீற்றரில் அளந்து பெருக்கி 6,000 ஆல் வகுத்தால் வருவதே இடத்துக்கான நிறை. இவ்விரண்டில் எது கூடியதோ அதற்கே வழக்கமாகக் கூலி அறவிடப்படும்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 60 சதமமீற்றர் நீளம், 40 அகலம், 30 உயரம் எனின், பெருக்கி வருவது 72,000. அதை 6,000 ஆல் வகுக்க 12 கிலோகிராம். இப்பெட்டியில் 12 லீற்றர் நீர் உள்ளது என்றும், பெட்டி, பை முதலியவை 3 கிலோகிராம் என்றும் கொண்டால் உண்மை நிறை 15 கிலோகிராம். கூலி 15 கிலோகிராமுக்கே. நீரைக் குறைத்தால் கூலி குறையும் என்பது உண்மை. ஆனால் 9 லீற்றருக்குக் கீழே எவ்வளவு குறைத்தாலும் 12 கிலோகிராமுக்கான கூலியை நீங்கள் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கும் அப்பால் நீரைக் குறைப்பவர் மீனைக் கொல்கிறாரேயன்றிப் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை.

தலைக்கு எவ்வளவு?

விமானக் கூலி காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறும். கணக்கு விளங்குவதற்காகக் கிலோகிராமுக்கு ஆயிரம் ரூபா என வைத்துக்கொள்வோம். மேற்கூறிய பெட்டிக்கு 15,000 ரூபா. அதில் 400 கப்பி மீன் இருந்தால் ஒன்றுக்கு 37 ரூபா 50 சதம். 300 இருந்தால் 50 ரூபா. 200 மட்டும் இருந்தால் 75 ரூபா. அதே பெட்டியில் உள்ளங்கையளவு தங்கமீன் 40 மட்டுமே வைக்கலாம் எனின் ஒன்றுக்கு 375 ரூபா. இப்போது, பெரிய மீனுக்குப் பெரிய விலை கிடைக்கும் என்று எண்ணித் தொழிலைத் தொடங்குவது எத்துணை ஆபத்தானது என்பது விளங்கும். மீன் இரண்டு மடங்கு நீளமானால் அதன் உடல் நிறை ஏறக்குறைய எட்டு மடங்காகின்றது. அதற்கு வேண்டிய நீரும் அதற்கேற்பப் பெருகுகின்றது. விலை எட்டு மடங்காவது அரிது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் ஒரு பெட்டியில் பல நூறு அடங்கும் சிறிய இனங்களையே மேற்கொள்ளல் நன்று. கப்பி இதற்கு முதற்றரமானது.

இறந்த மீனுக்கும் கூலி உண்டு என்பதை மறவாதீர்கள். 400 மீன் அனுப்பி 40 இறந்தால், 15,000 ரூபாவையும் மீந்த 360 மீன்களே சுமக்க வேண்டும். தலைக்கூலி 41 ரூபா 67 சதமாக உயரும். இதோடு இறந்த 40 மீனின் விலையும் போயிற்று. போய்ச் சேரும்போதே இறந்திருந்த மீனுக்குப் பணம் தர மறுப்பது வாங்குவோரின் வழக்கம். அக்கழிவு ஏற்றுமதியாளரிடமும், அவரிடமிருந்து சேகரிப்பாளரிடமும், ஈற்றில் உங்களிடமும் வந்து சேரும்.

“எங்களிடம் சில பத்து ரூபாவுக்கு வாங்கிய மீனை வெளிநாட்டில் பல மடங்கு விலைக்கு விற்கிறார்களே, இடைத்தரகர் கொள்ளையடிக்கிறார்” என்று கமக்காரர் முறையிடுவதுண்டு. இம்முறைப்பாட்டில் ஓரளவு உண்மை இருக்கலாம், முழுவதும் உண்மையன்று. விமானக் கூலி, பொதி செய்யும் செலவு, சுகாதாரச் சான்றிதழ், அங்கு இறங்கும்போது செய்யும் பரிசோதனை, வழியில் இறந்தவை, கடையில் இறப்பவை ஆகிய அனைத்தும் அவ்விலையினுள் அடங்கியுள்ளன. கடைசியில் ஒரு சோடியைக் கண்ணாடித் தொட்டிக்கு வாங்கிச் செல்லும் அந்நாட்டுச் சிறுவனே இவையெல்லாவற்றுக்கும் பணம் கொடுக்கிறான்.

பையினுள் நடப்பது

மீன் வழியில் இறப்பதற்கு ஒட்சிசன் குறைவே காரணம் என்று பலர் நினைக்கின்றனர். ஒட்சிசன் நிரப்பிய பையில் பெரும்பாலும் காரணம் வேறு. மீன் தன் செவுள்வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. தொட்டியில் அது கலைந்து போகும். கட்டிய பையிலோ சேர்ந்துகொண்டே வரும். இரை தின்ற மீன் அதிக அமோனியாவை விடும், நீரையும் அழுக்காக்கும். எனவே பொதி செய்வதற்கு 24 மணி நேரத்துக்கு முன்னரே இரை போடுவதை நிறுத்துங்கள். நெடும் பயணமாயின் 48 மணி நேரம் நிறுத்தலாம். பட்டினி போடுவது பாவம் என்று மனம் இளகி ஒரு பிடி தூவுபவர் அந்த மீனுக்கே தீங்கிழைக்கிறார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். அங்குள்ள கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வருவது, கடினமானது, காரத்தன்மையுள்ளது. கப்பி மீன் கடின நீரில் நன்கு வளரும். ஆனால் காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும். ஆதலால் அங்கு பைக்கு மீன் எண்ணிக்கையைச் சிறிது குறைத்தும், பட்டினிக் காலத்தைத் தவறாது கடைப்பிடித்தும் அனுப்புக. லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் வரை அயடீன் சேராத உப்பு இடுவது கப்பி மீனின் சோர்வைத் தணிக்கும்.

பை வந்து சேர்ந்தபின் உடனே திறந்து வைப்பதும் தவறு. பயணத்தின்போது மீன் விடும் காபனீரொட்சைட்டு நீரைச் சிறிது அமிலமாக்கி, அமோனியாவின் நஞ்சை அடக்கி வைத்திருக்கும். பையை அவிழ்த்ததும் அவ்வாயு வெளியேற, அடங்கியிருந்த நஞ்சு மேலெழும். எனவே கட்டிய பையை அப்படியே தொட்டி நீரில் 15 அல்லது 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பின்னர் அவிழ்த்து, தாமதியாது மீனை வலையால் எடுத்துத் தொட்டியில் விடுக. பை நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பையின் மூலைகளில் சிறுமீன்கள் சிக்கி நசிந்து இறப்பதுண்டு. மூலைகளை மடித்துக் கட்டி உருண்டையாக்கிக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பையையும் இரட்டையாக இடுவது அவசியம். வெயில் ஏறுமுன் பொதி செய்க. குளிர்ந்த நீர் வெந்நீரைவிட அதிக ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். மீனும் குளிரில் குறைவாகவே மூச்சுவிடும். ஆனால் கப்பியை 20 பாகைக்குக் கீழே குளிரவிடலாகாது.

வயற்கரையில் தொட்டி கட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பூச்சிகொல்லி தெளித்த கருவியைத் தொட்டியருகே கழுவாதீர்கள். வாய்க்கால் நீரைத் தொட்டிக்குப் பாய்ச்சாதீர்கள். சிறிதளவு நஞ்சு பட்ட மீன் தொட்டியில் உயிருடன் நீந்தும், பையில் இறக்கும். குற்றம் பொதி செய்தவர் மேல் விழும்.

வளவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு

விமானக் கூலியை ஏற்றுமதியாளர் கொடுக்கிறார். ஊரிலிருந்து அவரிடம் சேர்க்கும் கூலியோ பெரும்பாலும் உங்களுடையது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இப்பயணம் முடிந்த மீனை அப்படியே விமானத்தில் ஏற்ற முடியாது. ஏற்றுமதியாளர் அதனைத் தம் தொட்டியில் சில நாள் வைத்து, நோய் பார்த்து, மீண்டும் பட்டினி போட்டு, புதிய பையிலிட்டு அனுப்புவார். அந்நாட்களில் இறப்பவை யார் கணக்கில் என்பதை முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி மீன் கொடுத்துப் பின்னர் பிணக்குப்படுவதிலும் ஒரு துண்டுக் கடதாசி மேலானது.

ஒருவர் தனியே வாகனம் பிடிப்பது கட்டாது. வாகனக் கூலி 30,000 ரூபா எனக் கொண்டால், ஆயிரம் மீன் கொண்டுசெல்பவருக்குத் தலைக்கு 30 ரூபா. ஆறு கமக்காரர் சேர்ந்து ஆறாயிரம் மீன் ஏற்றினால் தலைக்கு 5 ரூபா. ஒரே ஊரில் சிலர் கூடி, ஒரே இனத்தை, ஒரே அளவில், ஒரே கிழமையில் விற்பனைக்குத் தயாராக்குவது இத்தொழிலில் உரம் போன்றது.

2020 ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்றபோது, அவற்றின் அடித்தளத்தில் செல்லும் மீன்பெட்டிகளும் நின்றன. கிடைத்த இடத்துக்குக் கூலி உயர்ந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் ஊரிலிருந்து கொழும்புக்கு ஏற்றுவதே பெரும்பாடாயிற்று. நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கலாம்; தொட்டி மீன் விற்காவிடினும் தின்னும், பெருக்கும், நெருக்கத்தில் நோயுறும். எனவே முழு நிலத்தையும் பணத்தையும் இதில் முடக்காது, நெல்லும் மரக்கறியும் வீட்டைத் தாங்க, மீன் மேலதிக வருவாயாக இருக்கட்டும்.

நீரைச் சுமக்காத பயிர்

தொட்டி கட்டியவர் கண்ணாடித் தொட்டிகளுக்கான நீர்த்தாவரங்களையும் பயிரிட்டுப் பார்க்கலாம். இவையும் இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகின்றன. ஈரக் கடதாசியில் சுற்றிப் பையிலிட்டால் போதும். நீரைச் சுமக்க வேண்டியதில்லை, ஒட்சிசனும் வேண்டியதில்லை. நாற்றுமேடை பராமரிக்கத் தெரிந்த கமக்காரருக்கு இது கைவந்த வேலை. காட்டாறுகளிலிருந்து செடிகளைப் பிடுங்கி விற்பது கூடாது. பாதுகாக்கப்பட்ட இனங்களாயின் அது குற்றமாகும். தாவரங்களை அனுப்ப விவசாயத் திணைக்களத்தின் தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவையின் சான்றிதழும், மீனை அனுப்ப விலங்கு உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் சான்றிதழும் தேவை. இவற்றைப் பெறுவது ஏற்றுமதியாளரின் பொறுப்பு. குஞ்சு மீன், இனத் தெரிவு, தொட்டி அளவு முதலியவை பற்றித் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் உங்கள் மாவட்ட உத்தியோகத்தரைக் கேளுங்கள். செல்லும்போது கிணற்று நீரில் ஒரு போத்தலும், உங்களிடம் மீன் வாங்கவிருப்பவர் கேட்கும் இனம், அளவு, கிழமைக்கு எத்தனை என்பன எழுதிய கடதாசியும் கொண்டு செல்லுங்கள்.