மூடாத பெட்டி

மரத்தின் பெயரையே ஊர்ப்பெயராகத் தாங்கி நிற்கும் ஸ்தலங்கள் இரண்டு எங்கள் பிராந்தியத்தில் உண்டு. பாதிரியால் பெயர் பெற்றது கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர். தில்லையால் தில்லை என்றே பழம்பெயர் பெற்றது சிதம்பரம். ஆனால் தில்லை மரத்தைத் தரிசிக்க விரும்பும் யாத்திரிகன் சிதம்பரத்து வீதிகளை எத்தனை முறை பிரதட்சிணம் செய்தாலும் பயனில்லை. கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிக்குச் சென்று படகேற வேண்டும். அங்கே சேற்றிலும் உவர்நீரிலும், பாத்தி கட்டுவாரும் வேலி போடுவாரும் இன்றி, அது தன் இஷ்டத்துக்குத் தழைத்திருக்கிறது. கிளையை ஒடித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

காவலின்றியே தழைக்கும் அம்மரத்துக்கு நேர்மாறாக, பழைய வஸ்துக்களைக் காப்பதென்றால் பூட்டி வைப்பதுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தவன் நான். தகப்பனார் காலமானபின் என் பங்குக்கு வந்த பிதிரார்ஜிதம், கொள்ளுப்பாட்டனார் எழுதிய வைத்திய வாகடச் சுவடிக் கட்டுகள் மூன்றும், பண்ருட்டிக்கு அருகே செம்மண் கொல்லையில் ஒரு பலாமரமும். சுவடிகளைக் கண்டதும் பெரியம்மா, “ஏம்பா, படிக்கவும் தெரியாது, வைக்கவும் எடமில்ல. ஆடிப்பெருக்கு அன்னிக்குக் கெடிலத்துல விட்டுடு, புண்ணியம்” என்றார். அவரை நொந்து பயனில்லை. ஏடுகளை வெள்ளத்தில் விடும் வழக்கத்தை எண்ணி எண்ணி வருந்தியவர் உ. வே. சாமிநாதையர். 1924 முதல் 1927 வரை சிதம்பரத்து மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்த அப்பெரியாரின் நினைவே என் கையைத் தடுத்தது. ஆற்றில் விடவில்லை; அதைவிட அதிக சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தேன். கட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றுப் புகாமல் இறுகக் கட்டி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஐந்து வருஷம் கழித்துத் திறந்தபோது, கடற்காற்றின் ஈரம் பைக்குள்ளேயே சிறைப்பட்டுப் பூஞ்சணம் பூத்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பூச்சி முதல் ஏட்டில் நுழைந்து கடைசி ஏட்டில் வெளியேறியிருந்தது.

சிதம்பரத்திலேயே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை அன்றுதான் எனக்கு விளங்கிற்று. தேவாரத் திருமுறைகள் கோயிலில் ஓர் அறையில் முத்திரையிடப்பட்டுக் கிடந்தன என்றும், அவற்றைப் பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றபோது சோழ மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து திறப்பித்தான் என்றும், உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்க, எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி எடுத்தார் என்றும் சொல்லுவார்கள். பாடுவாருடைய நாவில் வழங்கிய பதிகத்துக்குக் கறையான் ஏது? அறைக்குள் அத்தனை பக்தியோடு வைக்கப்பட்டதைத்தானே அது தின்றது!

சுவடிப் பணியில் பழகிய முதியவர் ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கிரமம் இது. முதலில் மிருதுவான தூரிகையால் ஏட்டின் நரம்பு ஓடும் வாக்கிலேயே தூசி தட்டவேண்டும். குறுக்கே தேய்த்தால் சிராய் கிளம்பும். ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்கலாகாது. எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு இருபுறமும் மெல்லப் பூசி, நிழலில் உலர்த்தவேண்டும். வெயில் பட்டால் ஓலை சுருளும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைக்க, கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தெளிவாகும். ஆனால் உதிரும் நிலையிலுள்ள ஏட்டில் இந்தப் பரீட்சை வேண்டாம். இரு புறமும் சட்டம் வைத்து, கயிற்றை நெகிழ்த்திக் கட்டி, பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்பு முடிச்சு ஒன்று போட்டால் போதுமானது. வருஷத்துக்கு ஒரு தரம், ஐப்பசி மழைக்கு முன், இதைத் தவறாமல் செய்யவேண்டும். எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜைக்கு முந்திய நாளை இதற்கென்றே வைத்துக்கொண்டோம்.

பலாமர விஷயத்தில் என் அறிவீனம் வேறு விதமானது. இளம் பலா கிளையிற் காய்க்கும். வயதேற ஏறக் காய்ப்பு அடிமரத்துக்கு இறங்கி, முதிர்ந்தபின் வேரிலும் காய் பிடித்து மண்ணை வெடிக்கச் செய்யும். எங்கள் மரம் அந்தப் பதவியை எட்டியது. அதற்கு மரியாதை செய்வதாக நினைத்து, அடியைச் சுற்றிச் சிமெண்டு மேடை ஒன்று எழுப்பினேன். மழைநீர் உள்ளேயே தேங்கிற்று. பலாவின் வேர் நின்ற நீரை இரண்டு மூன்று நாட்களுக்குமேல் பொறுப்பது அரிது. இலைகள் பழுக்கத் தொடங்கியபின்தான் எனக்குப் புத்தி வந்தது. கட்டிய கூலியைவிட இடித்த கூலி அதிகம்.

பிறகு வந்தது 2011 டிசம்பர் 30ஆம் தேதி. அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிகளையும் பலாக்களையும் ஒரே பொழுதில் சாய்த்துவிட்டது. எங்கள் மரத்தின் இரு பெருங்கிளைகளில் ஒன்று, அடிவரை கிழிந்து விழுந்தது. அந்த வாரத்திலேயே மர வியாபாரிகள் வந்து, மிச்சத்துக்கும் விலை பேசினார்கள். நல்ல வேளையாக நான் அவசரப்படவில்லை. கிழிசலை ரம்பத்தால் சரிவாகச் சீவி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் பூசிவிட்டேன். இரண்டு வருஷத்துக்குப்பின் மறுபடி காய்த்தது. விதையில் முளைத்த பலா தாயின் ருசியைக் கொண்டிருக்கும் என்ற நிச்சயமில்லையாதலால், நாற்றுகளில் அதன் தளிரை ஒட்டுக் கட்டி இரண்டு கன்றுகள் எடுத்தேன். மரம் வைத்திருப்பவர்கள் இதைப் புயலுக்கு முன்பே செய்வது உத்தமம்.

விழுந்த கிளையை விற்க மனம் வரவில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஏற்ற மரமாயிற்றே, சுவடிகளுக்கு ஒரு பெட்டி செய்யலாமென்று தச்சரை அழைத்தேன். “ஈர மரங்க ஐயா, ஒரு வருசம் நெழல்ல கெடக்கட்டும்” என்றார் அவர். நான் கேட்கவில்லை. செய்து வந்த ஆறாம் மாதத்தில் மூடி முறுக்கிக்கொண்டது. இன்றும் ஒரு விரல் இடைவெளி விட்டே நிற்கிறது. இழைத்துச் சரி செய்துவிடலாமென்று மகன் வருஷந்தோறும் சொல்லுகிறான். காற்று போக வர அது நல்லதுதான் என்று நானும் வருஷந்தோறும் மறுக்கிறேன்.

சென்ற வருஷம் தூரிகை பேத்தியின் கையில் இருந்தது. ஓர் ஏட்டைத் துடைத்தவள், “சுககு” என்று படித்துவிட்டுச் சிரித்தாள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, அது சுக்கு, என்றேன். உடனே அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப அடுத்தது என்ன தாத்தா?” என்று ஏட்டை என் கண்ணருகே நீட்டினாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன், விளங்கவில்லை. இருவருமாகத் திண்ணை வெளிச்சத்துக்குப் போனோம்.