பண்டை உரோமாபுரியின் உருவம்

அழிந்த நகரமொன்றைக் குறித்துச் சரித்திர நூலில் வாசித்தல் எளிது. அதனை மனக்கண்முன் நிறுத்துதலோ அரிது. மூன்று தூணும் ஒரு சுவரும் எஞ்சிய இடத்தில் நின்று, பழைய தெருவின் நெருக்கத்தை எண்ணிப் பார்க்க முயல்வோர் பெரும்பாலும் சோர்ந்து திரும்புவர். இக்குறையை நீக்க இத்தாலோ ஜிஸ்மோண்டி என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் செய்த முயற்சியை நாம் ஈண்டு ஆராய்வோம்.

கி. பி. 4-ஆம் நூற்றாண்டில், கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தியின் காலத்தில் விளங்கிய உரோமாபுரியை 250-இல் ஒரு பங்காகக் குறுக்கி அவர் சாந்தினால் சமைத்தார். கொலோசியம் என்னும் பேரரங்கு அதில் ஒரு சாண் உயரமும் இல்லையென்றால் அளவு விளங்கும்.

அவருக்கு ஆதாரம் யாது? உரொதோல்போ லான்சியானி 1893 முதல் 1901 வரை 46 தாள்களில் வெளியிட்ட நகரப் படம் முதலாவது. அதனினும் பழைய சாட்சி ஒன்றுண்டு. செப்திமியு செவேரு சக்கரவர்த்தி, ஏறக்குறைய 203-க்கும் 211-க்கும் இடையில், 150 சலவைக்கற் பலகைகளில் நகரம் முழுவதையும் வரைவித்து ஒரு சுவரிற் பதிப்பித்தான். வீட்டின் அறையும் படிக்கட்டுங்கூட அதிற் காணப்பட்டன. இன்று எஞ்சியது பத்தில் ஒரு பங்களவே. 1562-இல் வெளிப்பட்ட துண்டுகளிற் சில பின்னர் மதில் கட்டும் கல்லாயின என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வருத்தமே!

நிற்க. தரைப்படம் நீள அகலங்களைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்துக்கு நின்ற இடிபாடுகளும், கட்டடங்கள் பொறித்த நாணயங்களும் உதவின. ஜிஸ்மோண்டி பல்லாண்டு உழைத்த ஓஸ்தியாத் துறைமுகத்தில் அகழ்ந்தெடுத்த செங்கல் மாடி வீடுகள், உரோமாபுரியின் எளியோர் குடியிருப்பு எத்தகையது என்பதை உணர்த்தின. சான்று கிட்டாத இடங்களை அவ்வீடுகளின் சாயலால் அவர் நிரப்பினார்.

இங்கேதான் நமக்கு ஓர் ஐயம். அறிந்ததும் ஊகித்ததும் ஒரே சாந்தில், ஒரே நேர்த்தியில் நிற்கின்றன. காண்போன் இரண்டையும் ஒப்ப நம்புவான். ஊகத்தை வேறு நிறத்தாற் காட்டியிருப்பின் அழகு குறையும், உண்மை குறையாது. அன்றியும், அகுஸ்து சக்கரவர்த்தி பிறந்த ஈராயிரமாண்டு விழாவையொட்டி முசோலினியின் அரசு 1937-இல் நடத்திய பொருட்காட்சிக்கென்றே இவ்வுருவம் எழுந்தது. ஆட்சியின் பெருமைக்கு வேண்டிய தூண்களெல்லாம் அதில் உண்டு. தெருவில் புகையில்லை, சுமை தூக்கும் அடிமையுமில்லை.

சலவைக்கற் படத்தின் துண்டுகளை 2024-இல் கேலியுக் குன்றில் திறந்த காட்சிசாலையில் காணலாம். தரையில், கண்ணாடியின் கீழே, 1748-ஆம் ஆண்டின் நகரப் படமொன்றின்மேல் அவற்றை அவ்வவற்றிற்குரிய இடத்தில் அமைத்துள்ளனர். காண்போர் அதன்மீதே நடந்து செல்வர். கல் இல்லாத இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது.