கடைசி இருபது நிமிடம்

2005 பொங்கலுக்கு மறுநாள் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினாறு பேர் உட்கார்ந்து 'அந்த நாள்' பார்த்துக்கொண்டிருந்தோம். யார் சுட்டது என்று தெரியப்போகிற கட்டம். சி.ஐ.டி. சிவானந்தமாக வரும் ஜாவர் சீதாராமன் வாயைத் திறந்தார். படம் அப்படியே உறைந்து நின்றது. பிளேயரை நிறுத்திப் போட்டேன், சிடியை வேட்டி நுனியால் துடைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. படத்தின் கடைசி இருபது நிமிடம் அந்த சிடியில் ஏறவே இல்லை.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. விழுப்புரம் ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1954-இல் படம் வந்தபோதே பார்த்தவர். ஐம்பது வருடமாக வீட்டில் யார் கேட்டாலும் "பாத்துத் தெரிஞ்சுக்க" என்று மட்டும்தான் சொல்வார். அன்று பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, "தாத்தா, யாரு தாத்தா?" என்று நச்சரிக்க, "வேற வழி இல்லடா, நானே சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

என் தவறு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் நல்ல விஎச்எஸ் கேசட் இருந்தது. 1994-இல் திண்டிவனத்தில் ஒரு கேசட் வாடகைக் கடையை மூடியபோது வாங்கியது. தெளிவான பிரிண்ட், தொடக்கம் முதல் வணக்கம் வரை முழுப்படம். ஊரில் எல்லோரும் சிடிக்கு மாறியபோது நானும் விழுப்புரத்தில் ஒரு கடையில் அதைக் கொடுத்து இரண்டு சிடியாக மாற்றி வாங்கினேன். கடைக்காரர், "ஃபுல்லா ஏத்திட்டேன் சார், ஓட்டிப் பாத்துட்டேன்" என்றார். முதல் சிடியில் பத்து நிமிடம் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்த வாரமே பழைய சாமான் எடுப்பவரிடம் இரண்டு மூட்டை கேசட்டை எடைக்குப் போட்டேன். அந்தக் கேசட்டும் அதில் போயிற்று.

நகலைக் கடைசி விநாடி வரை பார்க்காமல் மூலத்தைக் கைவிடாதீர்கள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் இருபது நிமிடம் போனால் ஒரு சண்டை, ஒரு பாட்டு, ஒரு கல்யாணம் போகும். துப்பறியும் படத்தில் கடைசி இருபது நிமிடம் போனால் படமே போயிற்று. பொங்கல் முடிந்ததும் அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "கேசட்டைக் கொண்டாங்க, திரும்ப ஏத்தித் தரேன்" என்றார். எதைக் கொண்டுபோவேன்? ஆனாலும் சொல்கிறேன்: ஓட்டிப் பார்க்காமலே ஓட்டிப் பார்த்தேன் என்று சொன்னது தவறுதான். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு ஒரு நேர்மை வேண்டும்.

அந்த ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று என் மனைவியின் தம்பி இன்றைக்கும் கேட்கிறார். வி.சி.கணேசன் என்ற சிவாஜியின் பெயரில் முதல் எழுத்து விழுப்புரம். அந்தப் பெருமை அப்பாவுக்கு உண்டு. ஆனால் அவர் இந்தப் படத்தைக் கொண்டாடியது அதற்காக மட்டும் இல்லை. துப்பாக்கி வெடித்து, சிவாஜி செத்து விழுவதில்தான் படம் ஆரம்பிக்கிறது. 'பராசக்தி' வந்து இரண்டே வருடம் ஆன கதாநாயகன், தேசத்தைக் காட்டிக்கொடுக்கும் ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியராக நடித்திருக்கிறார். அவர் எப்படிச் செத்தார் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அதே ராஜன் வேறொரு ஆளாகத் தெரிகிறார். இயக்குநர் எஸ்.பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் குரோசாவாவின் 'ரஷோமான்' பார்த்துவிட்டு இந்தக் கதையை யோசித்தவர். ஆனால் இதில் இருப்பது நம்முடைய கதை. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு அடுத்த நாள் நடக்கிறது. அதற்கு முந்தைய வருடம் சென்னையைக் காலி செய்து வந்த குடும்பங்கள் மூட்டையும் குழந்தையுமாக விழுப்புரத்தில் ரயில் மாறியதைப் பதினோரு வயதுப் பையனாகப் பார்த்தவர் அப்பா. அந்தப் பயம் என்ன என்று அவருக்குத் தெரியும்.

பாட்டு ஒன்றுகூட இல்லை. பாலசந்தர் போல வீணையில் உலகப் புகழ் பெற்ற ஒருவர், ஏவி.எம். போன்ற நிறுவனத்துக்குப் படம் எடுக்கும்போது, பாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தது எவ்வளவு பெரிய துணிச்சல்! வந்த புதிதில் படம் பெரிதாக ஓடவில்லை. ஆனால் பாட்டு இல்லாத அந்த இடத்தையெல்லாம் மாருதி ராவின் ஒளிப்பதிவு நிரப்புகிறது. மாடிப்படி நிழல், பாதி இருட்டில் ஒரு முகம், கதவோரம் விழும் வெளிச்சம். கறுப்புக்குள்ளும் பல கறுப்பு இருக்கிற படம் இது. அதனால்தான் இதை எந்தப் பிரிண்டில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.

நான் மாற்றி வாங்கிய சிடி விசிடி வகை. விசிடியில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளி. டிவிடியில் 720-க்கு 576, அதாவது நான்கு மடங்கு. சிவாஜி நிழலில் நிற்கும் காட்சியெல்லாம் என் சிடியில் கறுப்புக் கட்டங்களாகத்தான் தெரிந்தன. கடைசி இருபது நிமிடம் இருந்திருந்தாலும் நான் அப்பாவுக்குக் காட்டியது பாதிப் படம்தான் என்று பிறகு புரிந்தது.

அதன்பின் டிவிடி தேட ஆரம்பித்தேன். முதலில் வாங்கியதில் கிட்டத்தட்ட சதுரமாக இருக்க வேண்டிய படத்தை அகலத் திரைக்காகப் பக்கவாட்டில் இழுத்திருந்தார்கள். ராஜனின் மனைவியாக வரும் பண்டரிபாய் குட்டையாக, குண்டாகத் தெரிந்தார். இரண்டாவதில் 5.1 ஒலி என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஒற்றைத் தடத்தில் பதிவான வசனத்தை ஐந்து ஸ்பீக்கருக்கும் பிரித்துப் போட்டதில் பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. புள்ளியும் கீறலும் போகட்டும் என்று மழித்த மழிப்பில் முகமெல்லாம் மெழுகாகிவிட்டது. கீறல் இருக்கட்டும், முகம் வேண்டும். மூன்றாவதுதான் சரியாக அமைந்தது: இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் படம் அதன் அளவிலேயே. வீட்டில் பார்த்தவர்கள், "என்னங்க, டிவி ஃபுல்லா வரலையே" என்றார்கள். வராது, வரவும் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பாதீர்கள். படச்சுருள் விநாடிக்கு 24 சட்டம் ஓடும். நம் ஊர் டிவிடிகள் பலவற்றில் அதை 25-ஆக ஓட்டி ஏற்றியிருப்பார்கள். அதனால் 130 நிமிடப் படம் ஐந்து நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும், குரலும் ஒரு துளி கீச்சென்று ஏறும். இது வெட்டு இல்லை. பத்து, பதினைந்து, இருபது என்று குறைந்தால்தான் வெட்டு. கடையிலேயே அட்டையில் நிமிடம் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கடைசி அத்தியாயத்தை மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இல்லாவிட்டால் முடிவும் கெடாது.

உங்கள் பரணிலும் கேசட் ஓட்டும் ஒரு டெக்கு இருக்கும், எடையில் போட வேண்டாம். கேசட்டை நிமிர்த்தி வையுங்கள், வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டாதீர்கள், ஹெட் சுத்தம் செய்யாமல் எதையும் போடாதீர்கள். டிவியில் 'விவிட்' என்றிருப்பதை 'சினிமா'வுக்கு மாற்றுங்கள். பட அளவை 4:3-இல் வையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கூடத்து விளக்கையும்தான்.

"எல்லாம் போன்லயே வந்துடுச்சு மாமா, இன்னும் எதுக்கு இந்தத் தட்டெல்லாம்?" என்று மைத்துனர் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. போனில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. யாரோ ஏற்றியதை யாரோ எடுத்துவிடலாம். ஐந்து அங்குலத் திரையில் அந்த இருட்டு எங்கே தெரியப்போகிறது? என் அலமாரியில் இருக்கும் தட்டை நான் எடுத்தால்தான் எடுத்தது. அதைப் பிரதி எடுத்து வேறு ஊரில் தங்கை வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டையும் கடைசி வரை ஓட்டிப் பார்த்தாயிற்று.

அந்த மூன்றாவது டிவிடி 2008-இல் கிடைத்தது. அப்பாவை விழுப்புரத்திலிருந்து அழைத்து வந்து, கூடத்தில் விளக்கை அணைத்து, நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்தோம். உறைந்த இடம் வந்தபோது என் கை நடுங்கியது. படம் நிற்காமல் ஓடியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

நீங்கள் பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரே ஒரு உதவி செய்யுங்கள். யார் சுட்டது என்று எத்தனை தடவை கேட்டாலும் சொல்லாதீர்கள்.