அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டை முதலில் கேள்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். 21 வயது முடிந்த கையோடு அப்பாவை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ளப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனம் நிறைந்தது. கூடவே, அவர் அங்கே விசா தாண்டித் தங்கியிருந்ததை மனுவில் காட்ட வேண்டாம் என்று திருச்சியில் யாரோ ஒரு ஏஜென்ட் சொன்னாராம். அதைக் கேட்டதும் இதை உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ நியூஜெர்சியில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். 21 வயதான குடிமகனின் பெற்றோருக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இல்லை. அண்ணன் தம்பிக்கு மனுப் போட்டவர்களைப் போல வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டாம். அப்பாவுக்கு ஒரு ஐ-130 மனு, அம்மாவுக்குத் தனியாக ஒன்று, அவ்வளவுதான்.

சிக்கல் 1996-ல் வந்த சட்டத்தில் இருக்கிறது. அனுமதித்த தேதியைத் தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் பத்து வருடம். இந்தத் தடை ஆரம்பிப்பது நாட்டை விட்டுக் கிளம்பும் நாளில். தங்கிய நாட்களை எண்ணுவதிலும் பலர் தவறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் தேதியைப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியது ஐ-94 சீட்டின் தேதியை. அந்தக் காலத்தில் அது பாஸ்போர்ட்டோடு பின் அடித்துத் தரும் சின்ன வெள்ளை அட்டை. உன் அப்பாவுக்கு எச்1பி வேலை போனது 2008 கடைசியில். ஆனால் அட்டையில் இருந்த தேதி 2009 மார்ச். வேலை போன நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடாது, மார்ச்சுக்குப் பிறகுதான் ஓடும். அவர் ஊர் திரும்பியது 2011 ஜூலை. இரண்டு வருடத்துக்கு மேல், ஆகவே பத்து வருடத் தடை. அது 2021 ஜூலையோடு தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோன ஒன்றை ஏன் மறைக்க வேண்டும்?

மறைத்தால் என்ன ஆகும் என்பதைக் கவனமாகப் படி. குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்தில், அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியிருக்கிறீர்களா என்று நேராகவே கேட்கிறார்கள். விசா பெறுவதற்காக இப்படி ஒரு முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னால் அது ஆயுள் முழுக்கத் தடை. அதற்கும் மன்னிப்பு மனு உண்டு. ஆனால் அவர் வராவிட்டால் பெரும் துன்பம் நேரும் என்று காட்ட, குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்தவராகவோ ஒரு மனைவி வேண்டும், அல்லது பெற்றோர் வேண்டும். பிள்ளை கணக்கில் இல்லை. நீ எவ்வளவு தவித்தாலும் அந்தச் சட்டத்துக்கு அது ஒரு காரணம் ஆகாது. அம்மாவும் தாத்தா பாட்டியும் இந்தியக் குடிமக்கள். ஆக, இப்போதைக்கு அப்பாவுக்காக அந்த மனுவில் நிறுத்த ஒருவர்கூடக் கிடையாது. பிள்ளையை விட்டுவிட்ட அந்த விதி கொடுமையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு விதி அதுதான்.

உன் அறைத்தோழனின் அம்மாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். அவர் நிலைமை வேறு. விசாவோடு முறையாக நுழைந்து, காலம் தாண்டி, இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கிறார். 21 வயதான குடிமகன் மனுப் போட்டால், பெரும்பாலும் அவர் நாட்டை விட்டு நகராமலே கிரீன் கார்டு கேட்கலாம். ஊரில் துக்கம் என்று அவசரப்பட்டு விமானம் ஏறினால், தாண்டிய நாட்களைப் பொறுத்து அந்த நிமிடமே மூன்று அல்லது பத்து வருடத் தடை விழலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதி வாங்கிப் போய்வந்தால் அது இந்தத் தடைக்கான வெளியேற்றம் ஆகாது என்று 2012-ல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொன்னது. வயதான பெற்றோரைப் பார்க்க இந்தியா போய்வந்த ஒரு தம்பதியின் வழக்கு அது. எல்லை தாண்டித் திருட்டுத்தனமாக நுழைந்தவர்களுக்கு, நாட்டில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் வழி பொதுவாகக் கிடையாது. எதற்கும் அவன் வக்கீலைப் பார்க்காமல் அம்மாவை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்று சொல்.

உன் பக்கம் பணம் ஒரு விஷயம். வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். நீ அமெரிக்காவில் குடியிருப்பவனாகவும் இருக்க வேண்டும். டல்லாஸில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தானே ஆகிறது, சம்பளம் போதாவிட்டால் சித்தப்பா கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போடலாம்.

எனக்குக் கவலை தருவது 2016. அந்த வருடம் அப்பா விசிட்டர் விசா கேட்டு மறுத்துவிட்டார்கள். அந்த டிஎஸ்-160 படிவத்திலும் காலம் தாண்டித் தங்கியதைப் பற்றிய இதே கேள்வி இருந்தது. என்ன பதில் எழுதினார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஏஜென்ட் நிரப்பியிருந்தால் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். வேலை போய், கையில் காசில்லாமல், அவமானத்தோடு ஊர் திரும்பிய மனுஷன். குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசு. பழைய பாஸ்போர்ட்டுகளின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல். 2011-ல் சென்னை விமான நிலையத்தில் குத்திய வருகை முத்திரை அதில் இருக்கும். அவர் வெளியேறியதற்கு அது நல்ல சாட்சி. 2016 படிவத்தின் நகல் இருந்தால் அதையும் வாங்கு.

இவை எல்லாவற்றையும் அங்கே உரிமம் பெற்ற குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் காட்டு. அவர் பார்த்து முடிக்கும்வரை நீயும் எதிலும் கையெழுத்துப் போடாதே, அப்பாவையும் போட விடாதே.

அன்புடன்,
மாமா