பழவேற்காடு முகத்துவாரமும் தீவு ஊர்களும்: முக்கியக் குறிப்புகள்

இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களிலிருந்து தேர்வுக்குப் படிப்பவர்கள், கடற்கரைப் பாடத்தைக் காரண காரியத்தோடு படித்தால் மறக்காது.

அமைவிடம்
• பழவேற்காடு ஊர்: சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ.; திருவள்ளூர் மாவட்டம்.
• பழவேற்காடு ஏரி: சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது.
• ஏரியையும் வங்கக் கடலையும் பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு.
• ஏரியில் சேரும் ஆறுகள்: ஆரணி, காளாங்கி. (கொசஸ்தலை சேர்வது எண்ணூர்க் கழிமுகத்தில், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)
• எண்ணூரோடு இணைப்பது பக்கிங்காம் கால்வாய்.

முகத்துவாரம் (மிக முக்கியம்)
• கரையோர நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து, ஏரி கடலோடு கலக்கும் வாயில் சேர்க்கிறது. கோடையில் ஆற்று நீர் குறைவதால் மணல்திட்டு வளர்கிறது.
• வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அந்த மணலை அடித்துச் செல்கிறது.
• வாய் அடைபட்டால் கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வர முடியாது. கோடையில் உப்பு ஏறும். படகுகள் கடலுக்குப் போக முடியாது.

தீவு ஊர்கள்
• பசியாவரம், இடமணி, சாத்தான்குப்பம்: நீர் சூழ்ந்த ஊர்கள்.
• இருக்கம் தீவு: ஆந்திர எல்லைக்குள் தமிழ் பேசும் மக்கள், நெடுங்காலம் படகையே நம்பிய ஊர்.
• ஸ்ரீஹரிகோட்டா: ராக்கெட் ஏவுதளத்துக்கு 1969-ல் தேர்வு, 9.10.1971-ல் முதல் ராக்கெட்டாக ரோகிணி-125 ஏவப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏனாதி பழங்குடியினர் இடம்பெயர்க்கப்பட்டனர். ராக்கெட் ஏவும் நாள்களில் சுற்றுவட்டார மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை.
• பாடு: ஏரியில் வலை விரிக்கும் இடங்களை மீனவ ஊர்கள் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் மரபு.

வரலாறு
• 1613: டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை.
• 1690: டச்சுக்காரர்களின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றம்.
• 1825: ஆங்கிலேயர் வசம்.
• டச்சுக் கல்லறைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

பறவைகள்
• சரணாலயம்: ஆந்திரம் 1976, தமிழ்நாடு 1980 (153.67 ச.கி.மீ.).
• சிறப்புப் பறவை: பூநாரை.

மனத்தில் நிறுத்துக: முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இறால், பறவை, தீவு ஊர்களின் பிழைப்பு மூன்றும் நிலைக்கும். நாளை அரசுப் பணியில் அமரப் போகும் நீங்கள் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் இதை நினைவில் வையுங்கள்.