தேர் செய்வோம், பாட்டு எழுதுவோம்



மகளிர் கண்காட்சிக்குச் சரக்கு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனபோது, ஒருநாள் காலையில் கடை விரிக்கும் முன்பு திருவல்லிக்கேணிக்குப் போய் வந்தோம். அங்கே பார்த்த இரண்டு இடங்களில் இருந்து கிடைத்ததுதான் இந்த மாதப் பாடம்.

ஒன்று, துளசிங்கப் பெருமாள் கோவில் தெருவில் உள்ள பாரதியார் இல்லம். பாரதியார் தன் கடைசிக் காலத்தில் குடியிருந்த வீடு இது. 1921-ல், 39 வயது நிறையும் முன்பே அவர் இறந்துபோனார். 1993-ல் தமிழக அரசு இந்த வீட்டை நினைவு இல்லம் ஆக்கியது. குழந்தைகளுக்காக அவர் எழுதிய பாப்பாப் பாட்டில் யார் யார் வருகிறார்கள்? குருவி, கோழி, காக்கை, பசு, நாய். எல்லாம் நம்ம வாசலில் நிற்கிறவைதான்! பாட்டு எழுத எங்கேயும் போய்ப் பொருள் தேட வேண்டாம் என்று அங்கே நின்றபோது புரிந்தது.

இன்னொன்று, பக்கத்திலேயே உள்ள பார்த்தசாரதி கோவில். பார்த்தசாரதி என்றால் அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்டியவர். இந்தக் கோவிலைப் பாடியவர்களில் திருமங்கை ஆழ்வாரும் ஒருவர். அவரே கும்பகோணத்துப் பெருமாளைப் பற்றி 'திருவெழுகூற்றிருக்கை' என்று ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அதில் எண்கள் ஒன்றில் தொடங்கி, ஏறி ஏறி இறங்கி, ஏழு வரை போகும். அந்தப் பாட்டைத் தேர் வடிவில் கட்டம் போட்டு எழுதும் வழக்கம் உண்டு. இப்படிப் படத்துக்குள் அடங்கும் பாட்டுக்குச் சித்திரகவி என்று பெயர். பெரிய புலவர்களே படத்துக்குள் பாட்டு வைத்திருக்கும்போது, நம்ம பிள்ளைகள் செய்தால் என்ன?

"ஒரு பாட்டு எழுது" என்று பிள்ளையிடம் சொன்னால் திருதிருவென முழிக்கும். "ஒரு தேர் செய்வோமா?" என்று கேட்டால் ஓடி வரும். கையில் வேலை இருந்தால் பயம் போய்விடும். செய்து கற்பது நமக்குப் புதுசும் இல்லை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் போனது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

தேவையான பொருட்கள்

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, காலண்டர் தாள், நான்கு பாட்டில் மூடி, இரண்டு ஈர்க்குச்சி, சோற்றுப் பசை, கத்தரிக்கோல், பென்சில். காசு செலவில்லை.

செய்யும் முறை

1. அட்டையைத் தேர் மாதிரி, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் வெட்டுங்க. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவங்க வெட்டிக் கொடுக்கணும்.

2. காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி அட்டையில் ஒட்டுங்க. மூடிகளில் ஓட்டை போட்டு, ஈர்க்குச்சியில் கோத்துச் சக்கரம் வையுங்க.

3. தேரில் நான்கு படி கோடு போடுங்க.

4. "இன்னைக்கு நீ என்ன பார்த்தே?" என்று கேளுங்க. பிள்ளை சொல்லும் ஒரு சொல்லை உச்சியில் எழுதச் சொல்லுங்க.

5. அடுத்த படியில் இரண்டு சொல், அப்புறம் மூன்று, கடைசியில் நான்கு. அவ்வளவுதான், பாட்டு ஆச்சு!

எழுதத் தெரியாத மூன்று, நாலு வயசுப் பிள்ளை வாயால் சொல்லட்டும். அக்காவோ அண்ணனோ எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு தேரில் வந்த பாட்டு

எங்கள் குழு ஒன்றில் ஒரு சகோதரி கடன் வாங்கி ஆடு வளர்த்தார். தவணை கட்ட வேண்டிய நேரத்தில் ஆட்டை விற்றுவிட்டார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பிள்ளை மறந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்த வாரம் தேர் செய்தபோது அவள் எழுதியது இது:

ஆடு
எங்க ஆடு
சந்தைக்குப் போன ஆடு
திரும்பித் திரும்பி என்னையே பார்த்துச்சு

அந்த அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். பக்கத்தில் இருந்தவர் படித்துக் காட்டினார். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தவணை தவறக்கூடாதுன்னு மட்டும்தான் நெனைச்சேன். இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணவே இல்லையே" என்றார். அன்று ராத்திரி மகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டை ஏன் விற்றோம் என்று பொறுமையாகச் சொன்னாராம். தவணை கட்டியது சரிதான். ஆனால் வீட்டில் நடப்பது பிள்ளைக்கும் புரிய வேண்டும் இல்லையா?

இதைச் செய்யாதீங்க

எழுத்துப் பிழையை உடனே திருத்தாதீங்க. 'பார்த்துச்சு' என்று எழுதினால் எழுதட்டும். 'பார்த்தது' என்று எழுத வேண்டிய இடத்தைப் பிறகு பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளும். பிழைக்குப் பயந்த பிள்ளை, மனசில் இருப்பதை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லை மட்டும் எழுதும். "பக்கத்து வீட்டுப் பையன் எப்படி எழுதியிருக்கான் பாரு" என்று ஒப்பிடாதீங்க. வீட்டுக் கஷ்டத்தை எழுதிவிட்டது என்று திட்டவும் வேண்டாம். ஒருமுறை திட்டினால் அப்புறம் அது நம்மிடம் வாயே திறக்காது.

"எனக்கே படிக்கத் தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடினோமே, அதை எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினோம்? மாமன் பேரையும் ஊர்ப் பேரையும் நாமேதானே சேர்த்துக்கொண்டோம்! அதுவும் பாட்டுக் கட்டுவதுதான். பிள்ளையிடம் எழுத்து இருக்கிறது, நம்மிடம் பாட்டு இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்க

மாதத்தில் ஒருநாள், சேமிப்பும் தவணையும் வசூலித்து முடித்த பிறகு அரைமணி நேரம் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா? அட்டையும் மூடியும் யார் சேர்த்து வைப்பது? பாரதியார் நினைவு நூற்றாண்டான 2021-ல், செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று தமிழக அரசு அறிவித்தது. வருகிற மகாகவி நாளில் நம்ம பிள்ளைகளின் தேர்களை வரிசையாக வைப்போம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டைத் தானே படிக்கட்டும். நாம் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்போம்.